வி-2 ராக்கெட்டும் அதைச் செய்த கைதிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் விண்வெளிப் பயண வரலாற்றுத் தொடரை முதல் பகுதியிலிருந்தே கத்தரித்துக் கோப்பில் சேர்த்து வருகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு, தமிழில் இப்படி ஒரு தொடர் வருவது பெரிய மகிழ்ச்சி. ஆனால் சென்ற ஞாயிறன்று இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டைப் பற்றி வந்த பகுதியைப் படித்த பிறகு இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. அதில் ஒரு தகவல் பிழை இருக்கிறது. அதற்கு ஒரு திருத்தம் போட்டால் போதும். ஆனால் அந்த ராக்கெட்டுகளைத் தங்கள் கையால் செய்தவர்கள் யார் என்பதைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாதென்றால் முன்பகுதியைக் குறைத்துக்கொண்டு பின்பகுதியையாவது வெளியிட வேண்டுகிறேன்.

முதலில் பிழையைச் சொல்லிவிடுகிறேன். வி-2 பெரும் இரைச்சலோடு லண்டனை நெருங்கியதாகவும், அபாயச் சங்கு ஊதியதும் மக்கள் பதுங்கிடங்களுக்கு ஓடியதாகவும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது வி-1. அது இறக்கைகள் கொண்ட ஆளில்லாப் பறக்கும் குண்டு. 1944 ஜூன் மாதத்தில் லண்டன் மீது ஏவத் தொடங்கினார்கள். மணிக்கு ஏறத்தாழ 640 கிலோமீட்டர் வேகத்தில், பழைய மோட்டார் சைக்கிள் போலக் கடகடத்துக்கொண்டு அது தாழ்வாகப் பறந்து வரும். அந்தச் சத்தம் நின்றால் குண்டு விழப்போகிறது என்று பொருள். போர் விமானங்களும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் அவற்றில் பலவற்றைச் சுட்டு வீழ்த்தின. வி-2 அப்படிப்பட்டதல்ல. தரையைத் தொடும்போது அதன் வேகம் ஒலியின் வேகத்தைப் போல இரு மடங்குக்கும் மேல். ஆகவே முதலில் வெடிப்பு நிகழும்; அது வானத்தைக் கிழித்துக்கொண்டு வந்த ஓசை அதன் பிறகுதான் காதுக்கு எட்டும். ஹாலந்துக் கடற்கரையில் புறப்பட்டால் ஐந்து நிமிடங்களில் லண்டன் வந்துவிடும். அதற்குச் சங்கு ஊதவும் வழியில்லை, இடைமறித்து வீழ்த்தவும் வழியில்லை.

1944 செப்டம்பர் 8 மாலை 6.43 மணிக்கு மேற்கு லண்டனின் சிசிக் பகுதியில், ஸ்டேவ்லி சாலையில் முதல் வி-2 விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மூன்று வயதுப் பெண் குழந்தை. அதே நாள் காலையில் பாரிஸின் புறநகர் ஒன்றிலும் ஒரு வி-2 விழுந்திருந்தது. பிரிட்டிஷ் அரசு இரண்டு மாதங்கள் வாய் திறக்கவில்லை; வெடிப்புகளுக்குப் பூமிக்கடியில் செல்லும் எரிவாயுக் குழாய்களே காரணம் என்ற பேச்சை ஊரில் உலவவிட்டது. லண்டன்வாசிகள் இதை நம்பாமல் 'பறக்கும் எரிவாயுக் குழாய்' என்று கேலி பேசினார்கள். நவம்பர் 10 அன்றுதான் பிரதமர் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் உண்மையை ஒப்புக்கொண்டார். சங்கு ஊதி மக்கள் ஓடினார்கள் என்று எழுதுவது ஏன் சரியில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

இந்த ராக்கெட் எப்படி இயங்கியது என்பதைக் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருக்கிறார். ஆனாலும் ஒரு நுட்பத்தை அவர் தாண்டிப் போய்விட்டார். பின்னால் நான் சொல்லவிருப்பதற்கு அது தேவைப்படுகிறது. ஏறத்தாழ 14 மீட்டர் உயரமும் 13 டன் எடையும் கொண்ட இந்த ராக்கெட்டில் மூன்றில் இரண்டு பங்கு எடை எரிபொருளும் திரவ ஆக்சிஜனும்தான். எரிபொருள் என்றால் நம் ஊரில் எரிசாராயம் என்று சொல்லும் எத்தில் ஆல்கஹால்தான், கால் பங்கு தண்ணீர் கலந்தது. உணவுத் தட்டுப்பாடு தலைவிரித்தாடிய காலத்தில் உருளைக்கிழங்கைக் காய்ச்சி அதை வடித்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடிலிருந்து கிளம்பும் நீராவியால் சுழலும் ஒரு விசையாழி பம்புகளை ஓட்டி, நொடிக்கு 125 கிலோவுக்கும் மேலாக இவ்விரண்டையும் எரிகலத்துக்குள் தள்ளியது. இந்தப் பம்புதான் அந்த ராக்கெட்டின் உயிர்நாடி என்று வகுப்பில் சொல்வேன். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் எஞ்சின் எரியும், பிறகு அணைந்துவிடும். அதன் பிறகு அது வெறும் எறிகல். சிறுவன் மாமரத்தில் விட்டெறியும் கல் கையை விட்டுப் போனபின் எப்படியோ, அப்படியே இதுவும் 80, 90 கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி வளைந்து இறங்கும். எறிபாதை ஏவுகணை என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

எஞ்சின் அணையும் கணத்தில் இருக்கும் வேகமே எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கிறது. எறிபொருள் செல்லும் தூரம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்று பதினோராம் வகுப்பில் படிக்கிறோம். ஆகவே வேகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு பிசகும். 300 கிலோமீட்டரில் அது 6 கிலோமீட்டர். அன்றைய ஜைரோஸ்கோப்புகளையும் வேகமானிகளையும் வைத்துக்கொண்டு அந்தப் பிசகை ஒழிக்க முடியவில்லை. ஒரு பாலத்தையோ தொழிற்சாலையையோ குறிவைக்க இது உதவாது. 1945 மார்ச்சில் ரைன் நதியின் ரெமாகன் பாலத்தின் மீது 11 வி-2 ராக்கெட்டுகளை ஏவிப் பார்த்தார்கள். ஒன்றுகூடப் பாலத்தில் விழவில்லை. இதன் குறியாக இருக்கக்கூடிய ஒரே பொருள், தவறினாலும் வீடுகளின் மேல்தான் விழும் என்னும் அளவுக்குப் பரந்து கிடக்கும் நகரம். எனவே 'ராணுவ இலக்குகளுக்காக உருவான ஆயுதம் பின்னர் மக்கள் மீது திரும்பியது' என்ற கட்டுரையின் வாக்கியத்தை நான் ஏற்கவில்லை.

'நிலவைக் கனவு கண்ட இளைஞர்களின் ராக்கெட்டை நாஜிகள் பறித்துக்கொண்டார்கள்' என்ற தொனியும் கட்டுரை முழுக்க ஒலிக்கிறது. கனவு கண்டது உண்மை. 1927-இல் தொடங்கிய விண்வெளிப் பயணச் சங்கத்தின் ஆர்வலர்கள் பெர்லினின் புறநகரில் ஒரு பழைய வெடிமருந்துக் கிடங்கை ஏவுதளமாக்கிச் சிறு ராக்கெட்டுகளை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் பெரும் பீரங்கிகளைக் கட்டுப்படுத்தியதே தவிர, ராக்கெட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. ராணுவத் தளவாடத் துறையின் கார்ல் பெக்கரும் வால்டர் டோர்ன்பெர்கரும் இதைக் கவனித்தார்கள். 1932-இல், ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, பின்னாளில் வி-2-ஐ உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய வெர்னர் வான் பிரௌன், தன் இருபதாவது வயதில், ராணுவத்தின் சம்பளப் பட்டியலில் சேர்ந்து கம்மர்ஸ்டோர்ஃப் சோதனைத் திடலுக்குப் போனார். இரண்டே ஆண்டுகளில் அவர் பெற்ற முனைவர் பட்ட ஆய்வேட்டை ராணுவ இரகசியம் என்று பூட்டி வைத்தார்கள். யாரும் அவரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. பணம், திடல், ஆட்கள் மூன்றும் கிடைக்கும் இடத்தைத் தேடி அவர்தான் போனார்.

வி-2, அதாவது பொறியாளர்கள் ஏ-4 என்று அழைத்த ராக்கெட், எப்படி இருக்க வேண்டும் என்று 1936-இல் டோர்ன்பெர்கர் வகுத்த அளவுகளைப் பாருங்கள். 1918-இல் ஏறத்தாழ 120 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பாரிஸைத் தாக்கிய பெரும் பீரங்கியைப் போல இரு மடங்கு தூரம் அது போக வேண்டும். அந்தப் பீரங்கிக் குண்டு சுமந்ததைப் போல நூறு மடங்கு, அதாவது ஒரு டன் வெடிபொருள் சுமக்க வேண்டும். ரயிலில் ஏற்றினால் சுரங்கப்பாதைகளில் இடிக்காமல் போகுமளவுக்கு அதன் வால் சிறகுகள் இருக்க வேண்டும். பீரங்கிக்காரர் ஒருவர் பீரங்கிக்கு மாற்றாக எழுதிய கோரிக்கை இது. நிலவுக்கு இதில் இடமே இல்லை. பால்டிக் கடலோரம் பீனமுண்டேயில் இதற்கென்று ஓர் ஊரையே கட்டினார்கள். தாத்தா வாத்து வேட்டைக்குப் போகும் இடம் என்று வான் பிரௌனின் தாயார் சொல்லித்தான் அந்த ஒதுக்குப்புறம் அவருக்குத் தெரியவந்ததாம். 1942 அக்டோபர் 3 அன்று அங்கிருந்து கிளம்பிய ஒரு ராக்கெட் ஏறத்தாழ 85 கிலோமீட்டர் உயரம் எழும்பி 190 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விழுந்தது. மனிதன் செய்த பொருள் விண்வெளியின் விளிம்பைத் தொட்ட முதல் நாள் என்று கட்டுரையாளர் கொண்டாடுவது இதைத்தான். கொண்டாடட்டும், நானும் மறுக்கவில்லை.

அதற்குப் பின் நடந்ததைத்தான் கட்டுரை சொல்லாமல் விட்டது. சோதனையில் வென்ற ராக்கெட்டை ஆயிரக்கணக்கில் செய்ய ஆட்கள் வேண்டும். ஆனால் ஆண்களில் பலர் போர்முனையில் இருந்தார்கள். 1943 ஏப்ரலில் பீனமுண்டேயின் உற்பத்திப் பொறியாளர் ஆர்தர் ருடால்ஃப் ஒரு விமானத் தொழிற்சாலைக்குப் போய், அங்கே வதைமுகாம் கைதிகளை வைத்து வேலை வாங்குவதைப் பார்த்துவிட்டு வந்து, இங்கும் அப்படியே செய்யலாம் என்று பரிந்துரைத்தார். ஜூன் மாதத்துக்குள் பீனமுண்டேயின் உற்பத்திக் கூடத்திலேயே கைதிகள் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆகஸ்ட் 17 இரவு பிரிட்டிஷ் விமானப்படையின் 596 குண்டுவீச்சு விமானங்கள் பீனமுண்டேயைத் தாக்கின. எஞ்சினை வடிவமைத்த வால்டர் தீல் குடும்பத்தோடு இறந்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர், குறி தவறிய குண்டுகள் விழுந்த தொழிலாளர் முகாமில் அடைபட்டிருந்த வெளிநாட்டினர். அதன் பிறகு உற்பத்தியைப் பூமிக்கடியில் கொண்டுபோவதென்று முடிவாயிற்று.

ஜெர்மனியின் நடுவே ஹார்ஸ் மலைத்தொடரின் அருகே நோர்ட்ஹவுசன் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அதை ஒட்டிய கோன்ஸ்டைன் குன்றுக்குள், ஏணியின் இரு நெடுங்கால்களைப் போல இரண்டு நீண்ட சுரங்கங்களும், படிகளைப் போல அவற்றை இணைக்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட குறுக்குச் சுரங்கங்களும் உண்டு. மிட்டெல்வெர்க் என்ற தொழிற்சாலை இதற்குள்தான் இயங்கியது. 1943 ஆகஸ்ட் 28 அன்று புக்கன்வால்ட் வதைமுகாமிலிருந்து முதல் கைதிகள் வந்தார்கள். இவர்களுக்கான முகாமின் பெயர் டோரா. பிரெஞ்சுக்காரர்கள், போலந்துக்காரர்கள், ரஷ்யர்கள், இத்தாலியர்கள் எனப் பல நாட்டினர் இருந்தார்கள். வெளியே குடிசைகள் கட்டுவதைவிடச் சுரங்கத்தை நீட்டுவதும் இயந்திரங்களைப் பொருத்துவதுமே நிர்வாகத்துக்கு அவசரமாக இருந்ததால், 1944 வசந்த காலம் வரை கைதிகள் குறுக்குச் சுரங்கங்களுக்குள்ளேயே நான்கடுக்குப் பரண்களில் படுத்தார்கள். ஒரு பிரிவினர் வேலைக்குப் போனதும் அதே பரணில் அடுத்த பிரிவினர் வந்து படுப்பார்கள். குளிக்கத் தண்ணீர் இல்லை. பாதியாக அறுத்த எண்ணெய்ப் பீப்பாய்கள்தான் கழிப்பிடம். பக்கத்துச் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கும் புகையும் தூசியும் இரவும் பகலும் அடங்கவில்லை. முதல் ஆறேழு மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 3,000 பேர் அங்கே இறந்தார்கள். 1945 மார்ச்சில் நாசவேலை என்று குற்றம் சாட்டிப் பல கைதிகளைச் சுரங்கத்தின் உள்ளேயே, ராக்கெட் பாகங்களைத் தூக்கும் கிரேனில் தூக்கிலிட்டார்கள். மற்றவர்கள் அந்த உடல்களைக் கடந்துதான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகளோடு அந்த இடத்துக்குப் போயிருந்தேன். இன்று அது நினைவகம். பழைய வாயில்களைப் போருக்குப் பின் வெடி வைத்து மூடிவிட்டதால், பிற்காலத்தில் வெட்டிய ஒரு புது வழியாக உள்ளே அழைத்துப் போகிறார்கள். வெளியே சட்டை நனையும் வெயில். உள்ளே எட்டு டிகிரி, பருவம் எதுவானாலும் அதேதான் என்றார் வழிகாட்டி. மகள் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி எனக்குப் போர்த்தினாள். இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தால், தேங்கிய தண்ணீரிலும் பாறைச் சரிவிலும் துருப்பிடித்த தகடுகளும் குழாய்களும் குவியலாகக் கிடக்கின்றன. எரிபொருள் தொட்டியின் வளைவு, வால் சிறகின் ஓரம், எஞ்சினின் கழுத்து என்று பாடநூல் படத்தில் பார்த்த பாகங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் நானே நிறுத்திக்கொண்டேன். 31 ஆண்டுகள் நியூட்டனின் மூன்றாம் விதிக்கு வி-2-ஐ எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறேன். டோரா என்ற பெயரை ஒரு வகுப்பிலும் நான் சொன்னதில்லை. எனவே கட்டுரையாளரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இனி எண்ணிக்கைகள். டோராவிலும் அதன் துணை முகாம்களிலும் ஏறத்தாழ 60,000 பேர் அடைபட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 20,000 பேர் இறந்தார்கள். இவர்கள் அனைவரும் ராக்கெட் வேலையில் இறந்தவர்கள் அல்லர். வேறு சுரங்கங்களை வெட்டப் போனவர்களும், போர் முடியும் தறுவாயில் இடம் மாற்றும்போது மடிந்தவர்களும் இதில் அடக்கம். 1945 ஏப்ரல் 13 அன்று கார்டெலெகன் என்ற ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை ஒரு களஞ்சியத்துக்குள் அடைத்துத் தீ வைத்தார்கள். அவர்களில் பலர் டோராவின் துணை முகாம்களிலிருந்து நடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள். ராக்கெட்டோடு நேரடியாகத் தொடர்புடைய சாவுகள் பாதிதான் என்று எடுத்துக்கொண்டாலும் 10,000 ஆகிறது. மறுபுறம், 3,000-க்கும் மேற்பட்ட வி-2-கள் விழுந்த இடங்களில் இறந்தோர் ஏறத்தாழ 5,000 பேர். லண்டன் வட்டாரத்தில் மட்டும் 2,700-க்கும் மேல். வெடித்து இறந்தவர்களைவிடச் செய்து இறந்தவர்கள் அதிகம் என்பது இந்த ஆயுதத்தின் தனித்த கணக்கு. ராக்கெட்டின் உயரத்தையும் வேகத்தையும் அட்டவணை போட்டுத் தந்த கட்டுரை இந்த எண்களில் ஒன்றையும் தரவில்லை.

விழுந்த இடங்களின் துயரமும் சிறியதல்ல. 1944 நவம்பர் 25, சனிக்கிழமை நண்பகல், தென்கிழக்கு லண்டனின் நியூ கிராஸில் ஒரு வுல்வொர்த் கடையில், தட்டுப்பாடாக இருந்த சமையல் பாத்திரங்கள் விற்பனைக்கு வந்திருக்கின்றன என்று கேள்விப்பட்டுக் கூட்டம் கூடியிருந்தபோது விழுந்த ராக்கெட் 168 பேரைக் கொன்றது. டிசம்பர் 16 அன்று பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் ரெக்ஸ் திரையரங்கில் 567 பேர் இறந்தார்கள். நேச நாடுகளின் படைக்குச் சரக்கு வந்திறங்கும் துறைமுகம் என்பதால் லண்டனைவிட அதிகமான வி-2-கள் அந்த நகரத்தின் மீதே ஏவப்பட்டன. ஏவுமிடங்களைத் தேடி அழிப்பதும் எளிதாக இல்லை. ஹேக் நகரின் மரத்தோப்புகளுக்குள் வண்டியில் கொண்டுவந்து நிமிர்த்தி, ஏவிவிட்டு இடத்தைக் காலி செய்துவிடுவார்கள். 1945 மார்ச் 3 அன்று பிரிட்டிஷ் விமானங்கள் அந்தத் தோப்பைக் குறிவைத்து வீசிய குண்டுகள் தவறிப் பக்கத்துக் குடியிருப்பில் விழுந்து, 500-க்கும் மேற்பட்ட டச்சு மக்கள் மடிந்தார்கள்.

இவ்வளவும் எதற்காக என்ற கேள்விக்கும் கணக்கே விடை சொல்கிறது. ராக்கெட்டுக்கு ஒரு டன் வீதம் மொத்த வி-2-களும் சுமந்து சென்றது 3,000 டன்னுக்குச் சற்று மேல். 1945 மார்ச் 12 அன்று டார்ட்மண்ட் நகரின் மீது பிரிட்டிஷ் விமானப்படை ஒரே தாக்குதலில் வீசியது 4,800 டன்னுக்கும் மேல். அதாவது பத்தாண்டு உழைப்பும், ஒரு நாட்டின் எரிசாராயமும், ஆயிரக்கணக்கான கைதிகளின் உயிரும் சேர்ந்து செய்த வேலை, எதிரிக்கு ஒரு பிற்பகல் வேலைக்கு ஈடாகவில்லை.

வான் பிரௌனுக்கு இவை தெரியாது என்று வாதிடுவோர் உண்டு; கட்டுரையாளரும் அதைத்தான் மறைமுகமாகச் சொல்கிறார். 1944 மார்ச்சில் நாஜி இரகசியப் போலீஸ் அவரைக் கைது செய்து இரண்டு வாரங்கள் வைத்திருந்ததை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார். கைது நடந்தது உண்மை. ஆனால் அது கைதிகளுக்காகப் பேசியதால் அல்ல, ஆயுதத்தைவிட விண்கலத்தைப் பற்றியே பேசுகிறார் என்ற புகாரினால். மிட்டெல்வெர்க்குக்குப் பலமுறை போயிருப்பதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். கைதாகி விடுதலையாகி ஐந்து மாதங்கள் கழித்து, 1944 ஆகஸ்ட் 15 தேதியிட்ட ஒரு கடிதத்தில், தொழில் தெரிந்த கைதிகளைப் பொறுக்கி எடுக்கத் தானே புக்கன்வால்ட் முகாமுக்குப் போனதாக எழுதியிருக்கிறார். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. வதைமுகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ். அமைப்பின் அதிகாரியாகவும் அவர் இருந்தார். அவர் மறுத்திருந்தால் அவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் கணிக்க முடியாது. ஆனால் தெரியாது என்று எழுதுவது பொய்.

இந்தத் தொடரில் அடுத்து வரவிருப்பது, மனிதனை நிலவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட் என்று அறிவித்திருக்கிறீர்கள். 1960-களில் அந்த ராக்கெட்டுக்கான திட்ட அலுவலகத்தின் மேலாளராக இருந்தவர் மேலே நான் சொன்ன அதே ஆர்தர் ருடால்ஃப். பீனமுண்டேயிலிருந்து மிட்டெல்வெர்க்குக்குப் போய் அங்கே வி-2 உற்பத்தியை நடத்தியவரும் அவரே. அமெரிக்க நீதித் துறை விசாரிக்கத் தொடங்கியதும், வழக்கை எதிர்கொள்வதற்குப் பதிலாக 1984-இல் நாட்டை விட்டு வெளியேறி, குடியுரிமையையும் துறந்தார். அடுத்த பகுதியில் அவர் பெயர் வரும் இடத்தில் மிட்டெல்வெர்க், டோரா என்னும் இரண்டு பெயர்களையும் சேர்க்க வேண்டும் என்று கட்டுரையாளரிடம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். நினைவகத்தில் நான் எடுத்த மூன்று ஒளிப்படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். சுரங்கத்துக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் இரண்டாவது படம் சற்று மங்கலாக இருக்கும். அதில் இடப்புறம் தண்ணீரில் பாதி மூழ்கிக் கிடப்பதுதான் எஞ்சினின் கழுத்துப் பகுதி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுநிலை இயற்பியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.